இரண்டு அதிகாரிகளும் ஒரு தையல் கடையும்

எங்கள் உரிமப் பிரிவில் கோப்புகள் மலையாய்க் குவிந்துவிட்டன. புதிதாக ஆள் எடுக்கலாம் என்று யாரோ விவரம் தெரியாமல் சொல்லிவிட்டார்கள். அது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால், இருக்கிற அதிகாரியையே நகலெடுப்பது என்று மேலிடம் தீர்மானித்தது. இது அறமாகுமா என்று ஆராய ஒரு குழுவும் போட்டார்கள். குழு பதினோரு முறை கூடி, பிஸ்கட் தின்று, "மனிதனை நகலெடுப்பது அறமன்று, அதிகாரியை எடுக்கத் தடையில்லை" என்று அறிக்கை தந்தது.

நகல் வந்து சேர்ந்தார். அதே வழுக்கை, அதே கண்ணாடி, அதே குணம். வம்பே அதில்தான். எங்கள் அதிகாரி எந்தக் கோப்பு போனாலும் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பிவிடுவார். நகலும் அதையே எழுதினார். இளையவர்தான் மூத்தவர் அறைக்குப் போய்ப் பேச வேண்டும் என்பது அலுவலக மரபு. இருவருமே தாங்கள்தான் மூத்தவர் என்று உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு அறைக்கும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் எழுத்தரான எனக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அதில் ஒரு கோப்பு, ஊரில் தையல் கடை வைத்திருந்த தையல்காரம்மாவுடையது. வெள்ளிக்கிழமைக்குள் உரிமம் வராவிட்டால் கடைக்குச் சீல். கடையிலிருந்த இரண்டு தையல் மெஷினை நம்பி மூன்று குடும்பம் இருந்தது. எனக்கே மனசு கேட்கவில்லை.

வியாழக்கிழமை அந்தம்மா அளவு நாடாவோடு வந்தார்.

"தம்பி, ரெண்டு ஐயாவையும் ஒரே ரூமுக்குக் கூப்பிடுங்க. யாரு பெரியவர்னு அளந்து சொல்லிடறேன்."

சொன்னதும் இருவரும் ஓடி வந்தார்கள். தோள், மார்பு, இடுப்பு, எல்லாம் ஒரே அளவு.

"இவருக்குத் தொப்பை ஜாஸ்தி," என்றார் அசல்.

"உங்களைவிடவா?" என்றார் நகல்.

"பேசிட்டீங்கல்ல? கையெழுத்தைப் போடுங்க," என்றார் தையல்காரம்மா.

பேசி முடித்துவிட்டால் கையெழுத்துப் போட்டாக வேண்டும்; விதி விதிதானே. இருவரும் போட்டார்கள். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

ஒப்புதலுக்கு அனுப்பிய கோப்பு மாலையே தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது: 'இரு கையெழுத்துகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் உள்ளன. போலியோ என ஐயம். பேசவும்.'

வெள்ளிக்கிழமை சீல் வைக்க ஆய்வாளர் வந்தார். அவரையும் அந்த வாரம்தான் நகலெடுத்திருந்தார்கள். ஒருவர் கையில் பூட்டு, மற்றவர் கையில் அரக்கு.

"நீங்க ஆரம்பிங்க சார்."

"நீங்க எழுத்துல குடுங்க, ஆரம்பிக்கறேன்."

இன்னமும் கடை வாசலில்தான் நிற்கிறார்கள். உள்ளே மெஷின் ஜோராக ஓடுகிறது.

இதைப் பார்த்த ஜனங்களுக்குக் குஷி தாங்கவில்லை. எல்லா அதிகாரிகளையும் உடனே நகலெடுக்க வேண்டும் என்று ஊரே கையெழுத்திட்டு மனுக் கொடுத்திருக்கிறது. முதல் கையெழுத்து தையல்காரம்மாவுடையது. மனு நேற்று என் மேஜைக்கு வந்தது. பொறுமையாகப் படித்துப் பார்த்து, ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் என்னை யாரும் இன்னும் நகலெடுக்கவில்லை.