முற்றும் துறந்த ஆர்கான்

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது. கோடையில் குடிக்கத் தண்ணீரும் கிடையாது. ஆனால் ஒரு துகள் முடுக்கி இருந்தது.

பெரிய வட்ட முடுக்கி. வருகிற விருந்தினர் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அந்த வட்டத்துக்குள் ஓடுவது எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அது பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டிய அறையிலிருந்து வந்தது. அங்கே அண்டா அளவில் ஒரு கருவி இருந்தது. அதற்கு அயனி மூலம் என்று பெயர். உள்ளே வாயுவை விட்டு, நுண்ணலையால் சூடேற்றி, காந்தத்தால் கட்டிப்போட்டு, அணுக்களிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கும். அதிகம் பிடுங்கப்பட்ட அணுவை அதிக வேகமாக ஓட்டலாம்.

'பிடுங்குதல்' என்ற சொல்லுக்கு அந்த ஆய்வகத்தில் தடை. துறைத் தலைவர் ஒரு மயில். வருடத்துக்கு ஒருமுறை தோகை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் மயிலுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. எனவே, 'துறவு' என்று சுற்றறிக்கை விட்டிருந்தது. ஐந்து எலக்ட்ரான் துறந்த அணு, எட்டு எலக்ட்ரான் துறந்த அணு என்றுதான் பேச வேண்டும்.

கருவியை இயக்கும் வேலை அஞ்சலையுடையது. அஞ்சலை ஓர் அழுங்கு, உடம்பெல்லாம் செதில் போர்த்திய எறும்புதின்னி. அதன் வளையில் பட்டம் வாங்கிய முதல் உயிர் அதுதான். அதற்கு முன் பிறந்த எல்லாரும் கறையான் புற்று தோண்டியவர்கள். பெயர்தான் அஞ்சலை, அஞ்சாத நாள் கிடையாது. பயம் வந்தால் செதிலுக்குள் தலையை இழுத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். நேர்காணலிலும் முதல் கேள்வியிலேயே சுருண்டுவிட்டது. தேர்வுக் குழு அதை அடக்கம் என்று எழுதிக்கொண்டு வேலை கொடுத்துவிட்டது.

தகுதிகாண் பருவம் இரண்டு வருடம். அது முடிய இன்னும் பத்து நாள். பணி நிரந்தரக் கோப்பு மயிலின் மேசையில் இருந்தது. அம்மா அழுங்கு பக்கத்து வளைகளுக்கெல்லாம் செய்தி சொல்லி முடித்திருந்தது.

அப்போதுதான் சாதனை நிகழ்ந்தது.

ஆர்கான் அணுவைப் பதினைந்து எலக்ட்ரான்களைத் துறக்கவைத்து, அதைத் தடித்த கற்றையாக வெளியே எடுக்க வேண்டும் என்பது மயிலின் நெடுநாள் ஆசை. முதல் சில எலக்ட்ரான்கள் சுலபமாக வந்துவிடும். உள்ளே போகப் போக ஒவ்வொன்றும் பிடிவாதம் பிடிக்கும். துணைக்குக் கொஞ்சம் ஆக்ஸிஜன் விட்டால் ஆர்கான் சற்று இணங்கும். ஒருநாள் மயில் உள்ளே வந்து, "அந்தத் துணை வாயுவைக் கொஞ்சம் கூட்டும்மா" என்றது. அஞ்சலை கூட்டியது. கற்றையை அளக்கும் மானியின் முள் விறுவிறுவென்று ஏறி, பக்கத்து மலைக் காட்டு ஆய்வகம் எடுத்த அளவைப்போல மூன்று மடங்கில் போய் நின்றது.

மயில் அங்கேயே தோகை விரித்து ஆடியது. இரண்டு அளவுகருவிகள் கீழே விழுந்தன.

அடுத்த வாரம் ஒரு மின்வெட்டு. மின்சாரம் இல்லாதபோதுதான் உயர் மின்னழுத்தக் கூண்டுக்குள் நுழைய முடியும். தூசி துடைக்க உள்ளே போன அஞ்சலை, ஆர்கான் பாட்டிலின் அழுத்தமானியைப் பார்த்தது. பூஜ்யம். நகத்தால் தட்டிப் பார்த்தது. பூஜ்யமேதான்.

ஸ்டோர்ஸுக்கு ஓடியது. அங்கே பொறுப்பு ஓணானிடம்.

"அண்ணே, மூணு வாரத்துக்கு முன்னாடி ஆர்கான் தீரப் போகுதுன்னு எழுதிக் கொடுத்தேனே. மாத்திட்டீங்களான்னு கேட்டதுக்குத் தலையாட்டினீங்களே?"

ஓணான் தலையாட்டியது.

"அப்போ மாத்தினீங்களா?"

ஓணான் தலையாட்டியது. "எங்கம்மா மாத்தினேன்? என் தலை அப்படித்தான் ஆடும். பொறந்ததுலேருந்து ஆடுது. நீ எழுதினது பச்சைப் படிவம். பச்சை, தழை கேக்குறதுக்கு. வாயுவுக்கு வெள்ளை."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலையே."

அஞ்சலை அறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டது. கருவியிலிருந்து வெளியே வரும் கூட்டத்தைப் பிரிக்க ஒரு காந்தம் இருக்கிறது. அதற்குத் தெரிந்தது ஒரே கேள்வி: உன் எடையை, நீ இழந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எவ்வளவு? ஆர்கான் எடை நாற்பது, இழந்தது பதினைந்து. இரண்டேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு. ஆக்ஸிஜன் எடை பதினாறு, இழந்தது ஆறு. அதே இரண்டேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு. காந்தத்துக்கு இரண்டும் ஒரே ஆள்தான். ஆக்ஸிஜனிடம் ஆறு எலக்ட்ரான் பிடுங்குவதோ எந்தக் கத்துக்குட்டிக் கருவியும் செய்கிற வேலை.

காட்டில் ஆர்கானே இல்லாத வாரத்தில் ஆர்கான் சாதனை நடந்திருக்கிறது.

அஞ்சலை சுருண்டுகொண்டது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, மயிலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னது.

மயில் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தது. "இதை வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்லைங்க ஐயா."

"நல்ல பிள்ளை. நாளன்னிக்கு மதிப்பீட்டுக் குழு வருது. 'வந்தது ஆர்கான்'னு பதிவேட்டுல ஒரு கையெழுத்துப் போடு. உன் கோப்புல நானும் போடுறேன். உங்க அம்மாவுக்குச் சந்தோஷமா இருக்குமில்ல?"

"அது ஆக்ஸிஜன்ங்க ஐயா."

"இந்தக் காட்டுல பட்டம் வாங்கின அழுங்கு நீ ஒண்ணுதான்னு நினைச்சேன். பட்டம் வாங்கியும் பிழைக்கத் தெரியாத அழுங்கும் நீ ஒண்ணுதான் போல."

இரண்டு நாள் அஞ்சலைக்குக் கறையான் இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டால் வேலை. போடாவிட்டால் புற்று. அவ்வளவுதான் விஷயம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, விடியும்வரை யோசித்தது.

மதிப்பீட்டுக் குழு என்பது மூன்று எருமைகள். எதையும் நன்றாக அசைபோட்டுத்தான் முடிவெடுப்பார்கள் என்று அவர்களுக்குப் பெயர். மயில் ஒரு மணி நேரம் பேசியது. எருமைகள் அசைபோட்டன. பிறகு பெரிய எருமை பதிவேட்டை அஞ்சலையின் முன் நகர்த்தியது. "போடும்மா கையெழுத்தை. சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

அஞ்சலைக்குப் பயம் வந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருளவில்லை.

"ஐயா, ஆர்கான் பாட்டில் காலி. காட்டுறேன்."

கருவியை அணைத்தது. கூண்டைத் திறந்து, பாட்டிலைக் கழற்றி, வாலால் உருட்டிக்கொண்டு வந்து எருமைகளின் காலடியில் நிறுத்தியது. திருகைத் திறந்தது. புஸ் என்று ஒரு சத்தம்கூட வரவில்லை. திரும்பப் போய்க் கருவியை இயக்கியது. முள் ஏறி அதே மூன்று மடங்கில் நின்றது.

மயிலின் தோகை பாயைப்போலச் சுருட்டிக்கொண்டது.

எருமைகள் முள்ளைப் பார்த்தன. பாட்டிலைப் பார்த்தன. நீண்ட நேரம் அசைபோட்டன.

"ஆர்கான் இல்லாமலேயே ஆர்கான் கற்றை வருதா?" என்றது பெரிய எருமை.

"இல்லைங்க ஐயா, அது ஆக்ஸிஜன். இதோ பாருங்க." அஞ்சலை ஆக்ஸிஜன் வால்வையும் மூடியது. முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. இதைவிடத் தெளிவாக எந்தக் காட்டிலும் யாரும் எதையும் நிரூபித்ததில்லை.

இரண்டாவது எருமைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா! சீடன் ஆக்ஸிஜன் போனதும் குரு ஆர்கானும் கிளம்பிட்டார்."

"எலக்ட்ரானைத் துறந்தார். கடைசியில பாட்டிலையும் துறந்துட்டார்" என்றது மூன்றாவது.

"தன்னையே துறந்துட்டார்னு சொல்லுங்க," என்றது பெரிய எருமை. "நம்ம காட்டு அறிவியல்னா இது. முற்றும் துறந்த நிலை!"

மயிலின் தோகை மெல்ல விரிந்தது. "இதைத்தான் உரையின் கடைசியில சொல்லலாம்னு வச்சிருந்தேன்" என்றது அது.

"ஐயா, வகுத்துப் பாருங்க, நாற்பதைப் பதினைஞ்சால..." என்று அஞ்சலை தொடங்கியது.

"உன் ஆர்வம் புரியுதும்மா," என்றது பெரிய எருமை அன்பாக. "ஆனா பெரியவங்க கண்டுபிடிப்பைச் சின்னவங்க வகுக்கக் கூடாது."

மயிலுக்கு வன விருது கிடைத்தது. அஞ்சலை வெள்ளைப் படிவத்தில் மறுபடி ஆர்கான் கேட்டு எழுதியது. 'ஆர்கான் உற்பத்திக்கு ஆர்கான் தேவையில்லை என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். ஓணான் அதை நீட்டியபடி தலையாட்டியது. பக்கத்து மலைக் காட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது: உங்கள் முறைப்படி நாங்களும் பாட்டிலைக் கழற்றிப் பார்த்தோம், எங்களுக்கும் முள் இறங்கவில்லை, நன்றி.

அஞ்சலை தினமும் பதிவேட்டில் ஒரே வரியை எழுதியது: "ஆர்கான்: காலி. வருவது ஆக்ஸிஜன்." தினமும் அதன் கீழே மயில் பச்சை மையில் மேலொப்பம் இட்டது. விருந்தினர்களுக்கு அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டினார்கள்.

பாட்டில் இல்லாமல் கருவியை இயக்கத் தெரிந்த ஒரே ஊழியர் என்பதால் அஞ்சலையின் பணி நிரந்தரமானது. 'ஆர்கான் பிரிவு, முதுநிலை இயக்குநர்' என்று ஆணை வந்தது. அதை வாசித்ததும் அஞ்சலை நின்ற இடத்திலேயே பந்தாகச் சுருண்டது. சாயங்காலம் வரை நிமிரவில்லை.

அடக்கம் என்று கோப்பில் எழுதிக்கொண்டார்கள்.

நீதி: உண்மையை அஞ்சாமல் சொல்லுங்கள். கேட்கிற குழு மட்டும் சரியாக அமைந்துவிட்டால், அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது.