மாமாவின் ரேசருக்கு மருமகனின் நற்சான்று

செல்போனில் சிக்னல் பிடிக்காத மலை உச்சியில் செல்போன் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் ஒரே மகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, அக்கா, நான் எல்லோரும் சௌக்கியம். என் கன்னம் எங்கள் எல்லோரையும்விட சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் தாடியும் எப்படி?

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இம்மாதம் நான்காம் தேதி காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, எங்கள் வீட்டுக் குளியலறையில், குழாய் சொட்டிக்கொண்டிருக்க, அக்கா கதவை உடைத்துக்கொண்டிருக்க, உங்கள் மருமகன் தன் வாழ்வின் முதல் ஷேவை இனிதே செய்து முடித்தான். வரலாற்று ஆசிரியர்கள் யாரும் வரவில்லை. ஆகவே நானே எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் மலையேறிய மறுநாள்தான் உங்கள் ஒற்றை ப்ளேடு ரேசர் எங்கள் முகவரிக்கு வந்தது. உங்கள் மலைக்குச் சாமான் ஏற்றிவரும் லாரி அண்ணனிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். "மாப்ளே, முப்பது நாள் போட்டுப் பாத்துட்டு, புடிக்கலைன்னா திருப்பி அனுப்பலாமாம். ஒரு சைக்கிள் வெலைக்கு ரேசரான்னு உன் அத்தை மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா. வீட்ல ஷேவ் பண்ற ஆம்பளைகிட்ட குடுத்து, வெலைக்குத் தகுமான்னு உள்ளதை உள்ளபடி எழுது. நல்லா இருந்தா வச்சுக்கறேன். இல்லன்னா திருப்பிட்டு அவ கால்ல விழுந்துடறேன்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் குடும்ப நிம்மதி என் கையில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். முதலில் அப்பாவிடம்தான் கொண்டுபோனேன், சத்தியமாக. அவர் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. "ரெண்டு பக்கம் வெட்டறதே பாதி வெலைக்குக் கெடைக்குது. ஒரு பக்கம் மட்டும் வெட்டறதுக்கு ரெண்டு மடங்கா? உங்க மாமனுக்குக் கணக்கு வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் மஞ்சள் பிளாஸ்டிக் ரேசரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது போன வருஷத்து ரேசர். அதில் ஷேவ் செய்கிறாரா, முடியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்குகிறாரா என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. ஆக, அவர் விலகிக்கொண்டதால் வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆம்பளை நான்.

மாமா, பெட்டியைத் திறந்தேன். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஒரு மெத்தை, மெத்தையில் அது படுத்திருந்தது. கையில் எடுத்தால் என்ன கனம்! ஷேவும் செய்யலாம், சுவரில் ஆணியும் அடிக்கலாம். (அடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு ஆணி. தடம் தெரியவில்லை.) அது ரேசர் இல்லை மாமா, ராசா. கூடவே குறிப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. இயற்கையாக வரும் திறமைக்குப் புத்தகம் எதற்கு? என் மேசையின் நாலாவது கால் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்ததால் அதை நாலாக மடித்து அங்கே வைத்துவிட்டேன். இப்போது மேசையும் நிம்மதி, நானும் நிம்மதி.

முதல் நாளே மெய்சிலிர்த்துவிட்டது. அப்பாவின் கிரீமைக் குழைத்து முகம் முழுக்கப் பூசி, கண்ணுக்கு மட்டும் இடம் விட்டு, ரேசரை வைத்து மெல்ல இழுத்தேன். எரிச்சல் இல்லை, இழுப்பு இல்லை, சத்தம்கூட இல்லை. ஒரு இறகு நடந்துபோன மாதிரி இருந்தது. இன்றோடு பத்தொன்பது நாள், பத்தொன்பது ஷேவ், ஒரு கீறல் கிடையாது. அக்காவுக்குத்தான் பொறாமை. என் மேலுதட்டில் இடப்பக்கம் பன்னிரண்டு, வலப்பக்கம் பதினொன்று, ஆக மொத்தம் இருபத்து மூன்று முடிகள் என்று டார்ச் அடித்து எண்ணி வைத்திருந்தவள், ஷேவ் முடிந்து நான் வெளியே வந்ததும் மறுபடி டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"டேய், எல்லாம் அப்படியே இருக்குடா."

"வழிச்சாச்சு. திரும்ப வந்துருச்சு."

"அதுக்குள்ளயா?"

"தரமான ரேசர்க்கா. வேர் வரைக்கும் போய் உசுப்பி விட்டுடுது."

"அதே பன்னண்டு, அதே பதினொண்ணு, அதே எடத்துலயா?"

"ஒழுக்கமான முடி. உன் ஃப்ரெண்ட்ஸ் மாதிரி எடம் மாறி உட்காராது."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள், எனக்கே அப்படித்தான் தோன்றியது. துண்டால் முகம் துடைப்பதற்குள் மீசை திரும்பி வருகிறது என்றால் என் உடம்பில் எவ்வளவு வீரியம் இருக்க வேண்டும்! வகுப்பில் பின் வரிசைக்காரர்களிடம், "எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஷேவ் பண்ணாத்தான் தாங்கும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எல்லோரும் இப்போது என்னைக் கொஞ்சம் ஒதுங்கி நின்றுதான் பார்க்கிறார்கள்.

ஆனால் நீதிபதி என்றால் சாட்சி வேண்டாமா? தெருமுனை முடிதிருத்தும் கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் அண்ணனுக்குக் காதில் எப்போதும் ஒரு சீப்பு சொருகியிருக்கும், அதனால் ஊருக்கே அவர் சீப்பண்ணன். பெட்டியைப் பார்த்ததும் கையை நீட்டினார். "தொடக் கூடாது, மாமா சொத்து" என்று பின்னால் மறைத்துக்கொண்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தம்பி, நாங்க தொழில் கத்துக்கிட்டதே பலூன்லதான். பலூன் மேல நுரையைப் பூசி, ஒடையாம வழிக்கணும். அதைச் செஞ்சு காட்டிட்டு அப்புறம் வந்து பீத்திக்க" என்றார். உடனே பலூன் வந்தது, கூட்டமும் வந்தது. அவர்தான் முதலில். இருபத்தைந்து வருஷ அனுபவம், தீட்டிய கத்தி. மூன்றாவது இழுப்பில் படார்! நாற்காலியில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவர் நுரையில் முழுகிப் போனார். அடுத்தது நான். இழுத்தேன், திருப்பினேன், மேலே கீழே குறுக்கே எல்லாம் வழித்தேன். ஒன்று முடிந்து இரண்டு, இரண்டு முடிந்து நான்கு. நான்கு பலூனும் பளபளவென்று சிரித்துக்கொண்டு நின்றன. தெருவே கைதட்டியது. சீப்பண்ணன் காதில் இருந்த சீப்பை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "இது கை இல்லடா, பூ" என்றார். மாமா, அந்த வார்த்தையைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

அந்தச் செய்தி சாயங்காலமே அப்பா காதுக்குப் போய்விட்டது. சாப்பிடும்போது இரண்டு தடவை என் கன்னத்தைப் பார்த்தார். இரும்பு சூடாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா தன் கம்பளிச் சட்டையில் உருண்டிருக்கும் பஞ்சு உருண்டைகளை எடுக்க வழி தேடிக்கொண்டிருந்தாள். "அப்பாவோட மஞ்சள் ரேசர் இருக்கே, இனிமே யாருக்கு அது வேணும்?" என்று அவள் காதில் போட்டேன். நேற்று இரண்டு கை, ஒரு கழுத்துப் பட்டி, முதுகு முழுக்க வழித்து முடித்ததில் மஞ்சள் ரேசர் வீரமரணம் அடைந்தது. ஆக இன்று காலை அப்பாவுக்கு உங்கள் ரேசரைத் தவிர வேறு கதி இல்லை. இன்று அவர் அலுவலகத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு அந்த முகம்தான். ஐந்து நாள் விடுமுறையில் வளர்த்த தாடி வேறு, உப்புத்தாள் மாதிரி. "மயிரிழையில தப்பிக்கப் பாக்கறீங்க, விட மாட்டேன்" என்று ரேசரை அவர் கையில் திணித்துவிட்டேன். (என்னிடம் இருப்பதே இருபத்து மூன்று இழைதான் என்பது வேறு விஷயம்.)

இதை எழுதும் இந்த நேரத்தில் அவர் உள்ளேதான் இருக்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் வழிகாட்டிக்கொண்டிருக்கிறேன்.

"டேய், எப்படிப் புடிக்கணும் இதை?"

"கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்கப்பா. அழுத்தவே அழுத்தாதீங்க. அதோட எடையே வேலை செய்யும்."

"ஒண்ணுமே தெரியலையேடா!"

"அதான்ப்பா அதோட சிறப்பே!"

இருபது நிமிடமாக உள்ளே நிசப்தம். மஞ்சள் ரேசர் காலத்தில் இந்நேரம் மூன்று 'ஆ' கேட்டிருக்கும். இன்று ஒரு 'ஆ' இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆகவே மாமா, தீர்ப்பு: விலைக்குத் தகும், தகும், மும்முறை தகும். வைத்துக்கொள்ளுங்கள். அத்தை கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். முகத்தைப் பற்றித் தெரிந்தவன் சொல்கிறேன், அத்தை தூக்கி வைத்த முகமும் இறங்கிவிடும்.

உங்கள் கோபுரம் நாளொரு மீட்டரும், என் மீசை பொழுதொரு மில்லிமீட்டரும் வளர வேண்டும் என்று வாழ்த்தி, உங்கள் ஆசியையும் வேண்டி, லாரி அண்ணன் வருவதற்குள் முடித்துக்கொள்ளும்,

அன்பு மருமகன்,
ஷேவையே சேவையாகக் கொண்டவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எல்லோரும் சௌக்கியம் என்பதைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். எழுத்து இங்கிருந்து கோணலாகப் போவதற்குக் காரணம், மேசை மறுபடி ஆடுகிறது.

நான் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அப்பா கதவைத் திறந்தார். ஐந்து நாள் தாடி அப்படியே இருந்தது. "நாலு தடவை நுரை போட்டுட்டேன். முகம் சுத்தமாச்சு. ஒரு முடி போகலை" என்று சொல்லிக்கொண்டே ரேசரின் பிடியைத் திருகினார். தலை இரண்டாகக் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அது கழலும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். உள்ளே ஒன்றுமே இல்லை.

"இதுல ப்ளேடு எங்கடா?"

அக்கா ஓடிப்போய் மேசைக் காலுக்கு அடியில் இருந்த புத்தகத்தை உருவினாள். முதல் பக்கம், முதல் வரி: ப்ளேடுகள் பெட்டியின் அடித்தட்டில் தனியாக வைக்கப்பட்டுள்ளன, பொருத்திய பிறகே பயன்படுத்தவும். மெத்தையைத் தூக்கினால் பத்து ப்ளேடு, தாள் சுற்றியபடி, தூங்கிக்கொண்டிருந்தன.

அப்பா என்னைப் பார்த்தார். "போன மாசம் லிஃப்ட்ல 'பழுது'ன்னு போர்டு மாட்டி அஞ்சு மாடியும் எல்லாரையும் ஏற விட்டியே, அது மாதிரி இதுவும் உன் வேலைதானே? வேணும்னே ப்ளேடை மாட்டாம குடுத்திருக்கே."

மாமா, என் முன்னால் இரண்டு வழி இருந்தது. அக்கா வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தாள். நெஞ்சை நிமிர்த்தினேன். "ஆமாப்பா. உங்களை ஏமாத்தத்தான்" என்றேன். ஒரு மாதம் ஐந்து மாடிப் படியையும் தினமும் நான்தான் பெருக்க வேண்டும் என்று தண்டனை. மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

அப்பா ப்ளேடை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நான்கே நிமிடம். காதடியில் சின்னதாக ஒரு கீறல், பழைய பழக்கத்தில் அழுத்திவிட்டாராம். மற்றபடி முகம் கண்ணாடி. வாசல் வரை போனவர் கன்னத்தைத் தடவினார், செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை தடவினார். "உங்க மாமனுக்குக் கணக்கு வராட்டியும் கண்ணு நல்லாத்தான் இருக்கு. திருப்பி அனுப்பறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பச் சொல்லு" என்றார். ஆகவே என்னுடைய பத்தொன்பது நாள் தீர்ப்பு செல்லாது, அப்பாவின் நான்கு நிமிடத் தீர்ப்பு செல்லும். ரேசரை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அப்பாவிடமிருந்து வாங்கியும் கொள்ளுங்கள்.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேண்டுமென்றே ஒன்றும் செய்யவில்லை. ஒற்றை ப்ளேடு ரேசர் என்றால் அந்த ஒற்றை ப்ளேடு உள்ளேயே இருக்கும் என்றுதான் நினைத்தேன். போக்கிரி என்று பேர் வாங்கினால் படி பெருக்குவதோடு போய்விடும், இது தெரிந்தால் அக்கா என் கல்யாணம் வரை சொல்லிக் காட்டுவாள். சீப்பண்ணன் பாவம், இன்னும் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வைத்துக்கொண்டு பழகிக்கொண்டிருக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அப்பா போனதும் நானும் ப்ளேடோடு ஒரு தடவை முயன்று பார்த்தேன். இடப்பக்கம் ஒரு இழுப்பு, வலப்பக்கம் ஒரு இழுப்பு. எட்டேகாலுக்கு இருபத்து மூன்றும் போய்விட்டன. இப்போது மணி ஒன்பதரை. கால் மணிக்கு ஒரு தரம் அக்கா டார்ச்சோடு வந்து, "எங்கடா, இன்னுமா வரலை? தரமான ரேசராச்சே!" என்கிறாள். வாசலில் லாரி ஹாரன் கேட்கிறது.

ஒன்றுகூட வரவில்லை மாமா.