துரை எடை கூடிய விவரம்

கிள்ளான்,
புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை.

என் தம்பி மகளும் செமினியில் நூறு நாய்க்குத் தாயுமான ரமணிக்கு அத்தை தனலெட்சுமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் அத்தான் ஜெயராஜ், அவன் மனைவி குமுதா எல்லாரும் பெருமாள் புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும் உன் காப்பகத்தில் வாலாட்டுகிற அத்தனை ஜீவன்களும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் வீட்டுப் பிள்ளைகளின் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இது எப்படிப்பட்ட குடும்பம் என்று உன் காப்பகக் கமிட்டிக்குத் தெரிய வேண்டும். ஜெயராஜின் மூத்தவள் ஜனனி கணக்காளர் பரீட்சையில் கடைசிப் பேப்பரும் பாஸாகி, கோலாலம்பூரில் இருபத்தேழாவது மாடியில் வேலை பார்க்கிறாள். இளையவன் குகன் இன்ஜினியர். ஜொகூரில் தங்கி, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். என் மகள் வீட்டுச் சிவாவுக்கு எஸ்.பி.எம். தேர்வில் ஒன்பது ஏ. அவன் தங்கை அர்ச்சனா தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்து தண்ணீர்ப் போத்தல் பரிசு வாங்கினாள். போத்தல் ஒழுகுகிறது, அது அவள் குற்றமில்லை. கடைசியாக, நீ எங்களை நம்பிக் கொடுத்த துரை. உட்கார் என்றால் உட்காருகிறான். மூன்று தடவை சொல்ல வேண்டும், ஆனால் குகனுக்கும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது, இன்றைக்கு அவன் இன்ஜினியர்.

இதையெல்லாம் வாய்ஸ் மெசேஜில் அனுப்பினேன். நீதான், "அத்தை, நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு நாயைக் குளிப்பாட்டிடுறேன், எழுதிக் குடுங்க, ஞாயித்துக்கிழமை கமிட்டியில படிச்சுக் காட்டுறேன்" என்றாய். தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள். கருத்தைத் திருத்தாதே. கருத்து ஒன்றுதான்: துரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நான் ஒரு மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு மருமகளைக் கொண்டுவந்தவள். எந்தச் சம்பந்தியும் உங்கள் கூட்டம் மாதிரிக் கேள்வி கேட்டதில்லை. வேலி என்ன உயரம், பகலில் வீட்டில் யார், யாருக்காவது முன்கோபம் உண்டா, ஊருக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்கக் கேட்க எனக்கு வியர்த்துவிட்டது. குமுதா என் காதில், "எங்கப்பா இதுல பாதி கேட்டிருந்தா நான் இந்த வீட்டுக்கு வந்தே இருக்க மாட்டேன் அத்தை" என்றாள். அதற்கு மேல் நீ வேறு, இரண்டு வீட்டுக்குப் போய் இரண்டிலும் வாழாமல் திரும்பி வந்த பிள்ளை, ஒரு மாதம் பார்ப்போம், உடம்பு தேறினால் உங்களுக்கு, இளைத்தால் எங்களுக்கு என்று சொல்லிவிட்டாய். சரி, எங்களிடம் குறை இல்லாதபோது எதற்குப் பயம் என்று ஒத்துக்கொண்டேன்.

வேனிலிருந்து அவன் இறங்கியபோது கன்றுக்குட்டியைத்தான் மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். "கிரேட் டேன்மா, இப்படித்தான் இருக்கும்" என்றான் ஜெயராஜ். கால் மட்டும் மூன்று நாய்க்குக் காணும், உடம்பு அரை நாய்க்குத்தான் இருந்தது. ஆரத்தி எடுக்கப் போனேன், கற்பூரத்தைப் பார்த்துப் பயந்து திரும்ப வேனுக்குள் ஏறிக்கொண்டான். நீங்கள் அவனுக்கு வைத்த பெயர் டைகர். பூனையைக் கண்டதும் குமுதாவின் பின்னால் போய் ஒளிகிறவனை டைகர் என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. சாமி பெயர் வைத்தால் திட்ட முடியாது. துரை என்று வைத்தேன். எங்கள் அப்பா காலத்தில் தோட்டத்தில் துரை வருகிறார் என்றால் நாங்கள் ரோட்டைவிட்டு இறங்கி ஓரமாக நிற்போம். இப்போது துரையை நானே வாரில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், மற்றவர்கள் ஓரமாக நிற்கிறார்கள். அப்பா பார்த்திருக்க வேண்டும்.

நடக்கிறேன் என்று சொன்னேன் பார், அதைத்தான் உன் கமிட்டி நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். போன வருஷம் பாசாரில் காய்கறி வாங்கித் திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் என் கைப்பையை இழுத்துக்கொண்டு போனதும், நான் ரோட்டில் விழுந்ததும் உனக்குத் தெரியும். கை கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு நான் கேட்டைத் தாண்டவில்லை. கேட்டவர்களிடம் முட்டிவலி என்றேன். முட்டிக்கு ஒன்றுமில்லை, பயம். துரை வந்த மூன்றாம் நாள், அவனுக்கு அவசரம், வீட்டில் வேறு யாரும் இல்லை, வாரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போனேன். மறுநாள் கோயில் வரை. அடுத்த வாரம் பாசார். காய்கறி விற்கிற அய்யாவு என்னைப் பார்த்துவிட்டு, "யக்கா! நீங்க போய்ட்டீங்கன்னுல்ல நெனச்சேன்! இது என்னா லா, குதிரையா? கடிக்குமா?" என்றார். "அவனையே கேளுங்க" என்றேன். அவனுக்குக் குரைக்கவே வராது என்பது நமக்குள் இருக்கட்டும். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் எனக்குக் கால் நின்றுவிடும். அவனும் நிற்பான். அவனுக்கும் மோட்டார் என்றால் பயம்தான். அது போகிற வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம், பிறகு நடப்போம். இந்தத் துணையை நீ எனக்குக் கொடுத்தாய். உன் வயிறு குளிர வேண்டும்.

இனிச் சாப்பாட்டு விவரம். அவன் வந்தது புரட்டாசியில். ஜெயராஜ் வாங்கிவந்த நாய்ச் சாப்பாட்டு மூட்டையில் பெரிதாகக் கோழிப் படம். இது வீட்டுக்குள் வராது என்று சொல்லிவிட்டேன். "நாய்க்கு ஏது அத்தை புரட்டாசி?" என்றாள் குமுதா. "இந்த வீட்டுச் சோத்தத் திங்கிற எல்லாருக்கும் புரட்டாசிதான்" என்றேன். பூசணிக்காய், கேரட், பருப்பு, குழைந்த சோறு, தயிர். வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று நீ சொல்லியிருந்தாய். புரட்டாசியில் நம் வீட்டுக்கும் ஆகாது, பொருத்தம் எப்படி! முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, வேறு யாருக்கோ வைத்ததைப் போல என்னைப் பார்த்தான். ஒரு வாரத்தில் பழகிவிட்டான். பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை மிச்சம் வைக்கிற அடக்கம் வந்துவிட்டது. பிறவியிலேயே பக்தியுள்ள ஜீவன் என்று கோயிலில் எல்லாரிடமும் சொன்னேன். ஜெயராஜும் மாறிவிட்டான். தினமும் சாயங்காலம் துரையை அவனே நடத்திக்கொண்டு போகிறான். திரும்பி வந்து, "ஒரு தோசை போதும்மா, பசியே இல்ல" என்கிறான். இந்த வயதில் என் பிள்ளைக்கு விரதம் கைகூடியது துரையால்தான்.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய யுகேந்திரன் எடை பார்க்க வந்தான். குளியலறையில் வைக்கிற தராசைக் கொண்டுவந்தான். துரை அதில் ஒரு காலை வைத்துவிட்டு மற்ற மூன்றையும் தரையில் வைத்துக்கொண்டான். ஜெயராஜ் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினான். டப்பென்று ஒரு சத்தம், தராசு போயிற்று, துரை என் கட்டிலடியில் தலையை மட்டும் ஒளித்துக்கொண்டான். எடை தெரியாமல் எப்படி எழுதுவது என்று யுகேந்திரன் கையைப் பிசைகிறான். அந்த நேரம் பார்த்து, "பேப்பர் லாமா! பேப்பர் லாமா!" என்று பழைய பேப்பர் வாங்குகிற லோரி வந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். அவர்களிடம் பெரிய தராசு இருக்கிறது. லோரிக்காரர் துரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆன்டி, பேப்பருக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை, இது எந்த விலை லா?" என்றார். பெருமாளே என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரும்போது நாற்பத்தெட்டுக் கிலோ. இப்போது ஐம்பத்தாறு! "என்ன குடுத்தீங்க ஆன்டி?" என்று யுகேந்திரன் வாயைப் பிளந்தான். "தயிர்ச்சோறும் பெருமாள் அருளும்" என்றேன். "அப்படியே எழுதிக்கிறேன் ஆன்டி" என்றான். நல்ல பிள்ளை. தராசு வாங்கத் தெரியவில்லை, மற்றபடி உனக்குப் பொருத்தமாக இருப்பான், யோசித்துப் பார்.

ஆகவே கமிட்டிப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லி, துரை இந்த வீட்டுப் பிள்ளை என்று எழுதி வாங்கிவிடு. உன் அம்மாவையும் என் தம்பியையும் கேட்டதாகச் சொல். நீ நாய்களுக்குத் தேடித்தருகிற மாதிரி உனக்கும் ஒரு நல்ல வீடு அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அத்தை
தனலெட்சுமி

பி.கு.: நாளைக் காலையில் ஜெயராஜிடம் கொடுத்தனுப்ப உறையை ஒட்டப் போனேன், அதற்குள் ஒரு விஷயம். இன்று கடைசிச் சனி, பூசை என்பதால் ஜெயராஜ் துரையை நடத்திக்கொண்டு போகவில்லை. இப்போது பின்சந்து வீட்டுச் சீனத்தி ஆ லான் சட்டியும் கையுமாகப் பின்கதவில் வந்து நிற்கிறாள். அவள் மலாயில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: "துரை ஏன் இன்னிக்கு வரல அக்கா? கோழி ஆறிப்போச்சு லா."

"என்ன கோழி?" என்றேன்.

"பயப்படாதீங்க அக்கா, சும்மா அவிச்ச கோழி. உப்பு இல்ல, எலும்பு இல்ல. உங்க மகன் வாங்குன மூட்டையும் என் வீட்லதான் இருக்கு."

ஜெயராஜ் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரமணிதாம்மா சொன்னா. 'அத்தைகிட்ட சண்ட போடாதீங்க அத்தான், கோழிய பின்பக்கமா போட்டுருங்க'ன்னு" என்றான். ஏன்டி, உன்னிடம்தானா நான் தயிர்ச்சோற்றின் மகிமையைப் பக்கம் பக்கமாக எழுதினேன்?

"துரைக்கு மட்டும்தானா?" என்று ஆ லானைக் கேட்டேன். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "உங்க மகனுக்கு சோஸ் ஊத்திக் குடுப்பேன்" என்றாள்.

அந்த எட்டுக் கிலோவில் பெருமாளின் பங்கு எவ்வளவு என்று எனக்கு இப்போது தெரியவில்லை. பின்சந்தில் ஆ லானைக் குடிவைத்தவரும் அவர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அவள் சட்டி நிறையப் புளியோதரை போட்டு அனுப்பினேன். துரைமேல் எனக்குக் கோபமில்லை. விரதம் இருக்கிறேன் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. உன்னையும் ஜெயராஜையும் தீபாவளிக்குக் கவனித்துக்கொள்கிறேன். கமிட்டியில் இதைப் படிக்காதே. இல்லை, படி. துரையைப் பார்த்துக்கொள்ள இங்கே மூன்று பேர் என்று முன்பு சொல்லியிருந்தோம், நான்கு பேர் என்று திருத்திக்கொள்.

இன்னொன்று. உங்கள் காப்பகத்து இணையப் பக்கத்தில் விலா எலும்பு தெரிகிற துரையின் பழைய படம் இன்னும் இருக்கிறதாம். கீழே 'வீட்டுக்காகக் காத்திருக்கிறான்' என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பதாக ஜனனி படித்துச் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதை எடுத்துவிட்டு, இத்துடன் வைத்திருக்கிற புதுப் படத்தைப் போடு. ஜெயராஜ் ஆ லான் வீட்டு வாசலில் எடுத்தது, பிள்ளை சிரிக்கிறான். வாயிலிருக்கிற கோழித் துண்டு மட்டும் தெரியாதபடி வெட்டிப் போடு. புரட்டாசி முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது.