பதினாலாம் நம்பர் தம்பதி

டோக்கன் என்பது வரிசையை ஒழுங்குபடுத்துவதற்காக ஏற்பட்டது என்று மக்கள் பரவலாக நம்புகிறார்கள். மிகுந்த மரியாதையுடன் மறுக்கிறேன். அது இரண்டு பேருக்குக் கல்யாணம் செய்துவைப்பதற்காக ஏற்பட்டது. ஆதாரம் என்னிடம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை. அன்று எனக்கு ஒரே ஒரு வேலை. ஆழ்வார்பேட்டையில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனைக்குப் போய், என் தங்கை கோமதிக்காக டோக்கன் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

கோமதிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே மாப்பிள்ளை பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அன்றுதான் முதல் முறையாக வரச் சம்மதித்திருந்தார். ஒரே நிபந்தனை, காத்திருக்கும் கூடத்தில் உட்கார மாட்டார். அடையாறு முழுக்க அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் என்பது அவர் கற்பனை.

அந்த டாக்டரம்மா புது ஆட்களை மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் பார்ப்பார். இதை விட்டால் அடுத்த மாதத்துக்குள் மாப்பிள்ளை மனசு மாறிவிடும். "சொதப்பிடாதேண்ணா" என்று கோமதி மூன்று முறை சொன்னாள். நான் கல்லூரியில் தர்க்கவியல் நடத்துகிறவன். என்னிடம் போய் இப்படிச் சொல்கிறாளே என்று வருத்தமாக இருந்தது.

ஏழரைக்குப் போய் நின்றேன். வேறு ஆளுக்காக டோக்கன் வாங்கக் கூடாது என்று போர்டு வைத்திருந்தார்கள். நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், வைஃப் எங்க?"

பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. வருபவள் யார் என்பதை விட்டுவிட்டு மீதி உண்மையைச் சொன்னேன்.

"வந்துட்டே இருக்காங்க."

பதினாலாம் எண் கிடைத்தது. எனக்கு நீலச் சீட்டு. மனைவிக்கு உரிய ரோஸ் சீட்டை நர்ஸ் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அந்தக் கூடத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். புருஷனும் பெண்டாட்டியும் முன்பின் பார்த்திராதவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் அத்தனை பேரும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன்.

எட்டு மணிக்கு ஒரு பெண் தனியாக வந்தார். பெயர் நளினி என்பது பிறகுதான் தெரியும். அவரும் என்னைப் போலத்தான், தன் அக்காவுக்காக டோக்கன் வாங்க வந்தவர். அவர் அக்கா புருஷனுக்கும் அதே வெட்கம். நளினி வாயைத் திறப்பதற்குள் நர்ஸ், "வாம்மா, சார் அப்பவே வந்து குந்திகினு கீறாரு" என்று ரோஸ் சீட்டைக் கையில் திணித்துவிட்டார்.

மாமா முன்னாடியே வந்துவிட்டாரா என்று நளினி ஆண்கள் பக்கம் தேடினார். காணவில்லை. வந்தவர் கூட்டத்தைப் பார்த்து ஓடிவிட்டார் என்று முடிவு செய்தார். மாமாவின் குணத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியதாம்.

பத்துக்கு வர வேண்டிய முறை ஒன்பதேகாலுக்கே வந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் இருந்த மூன்று தம்பதிகள் தைரியம் போய் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள்.

"பதினாலு" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். எதிர்ப்பக்கம் அவரும் எழுந்தார். ஒருவரை ஒருவர் முறைத்தோம்.

"சண்டையெல்லாம் வூட்ல வச்சுக்குங்க சார்" என்று நர்ஸ் எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

டாக்டரம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டார். நான் கோமதி கணக்கில் ஒன்பது என்றேன். நளினி அக்கா கணக்கில் ஆறு என்றார். உண்மையைச் சொன்னால் முறை போய்விடும். கொஞ்ச நேரம் ஓட்டினால் உரியவர்கள் வந்துவிடுவார்கள் என்பது என் திட்டம். நளினியின் திட்டமும் அதேதான்.

ஆண்களுக்குக் கல்யாண நாள் எங்கே நினைவிருக்கிறது என்று அலுத்துக்கொண்டு டாக்டரம்மா ஆறு என்று எழுதினார். அடுத்து, குழந்தை ஏதாவது இருக்கிறதா என்றார்.

இங்கேதான் தர்க்கவியல் என்னைக் கைவிட்டது. நேராகக் கேட்டால் என் வாய் நேராகப் பதில் சொல்லிவிடும். ஒன்று இருக்கிறது என்றேன். அதே நொடியில் நளினியும் ஒன்று என்றார். முதல் முறையாக எங்கள் பதில் ஒத்துப்போனதில் டாக்டரம்மாவுக்கே சந்தோஷம்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு" என்றேன்.

"பையன்" என்றார் நளினி.

பேனா நின்றது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். நிலைமையைத் தெளிவாக்குவது என் கடமை என்று தோன்றியது.

"டாக்டர், என் வைஃப் செத்து நாலு வருஷம் ஆச்சு."

டாக்டரம்மா மெதுவாக நளினியைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு டைவர்ஸ் ஆயிடுச்சு டாக்டர்" என்றார் நளினி, எனக்கு உதவுவதாக நினைத்து.

சொல்லி முடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா சிரிப்பு இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. எனக்கும் தொற்றியது. சிரிப்புக்கு நடுவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டோம். மாப்பிள்ளையின் மனசு பற்றிச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இன்று திருப்பி அனுப்பினால் கோமதிக்கு இன்னொரு சனிக்கிழமை கிடையாது.

டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அந்த ரெண்டு வீரரும் இப்ப எங்க?" என்றார்.

இரண்டு வீரரும் எதிரே டீக்கடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்பதாக ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். கோமதியும் நளினியின் அக்காவும் ஆளுக்கொரு ஆட்டோவில் உட்கார்ந்து, தத்தம் புருஷனை ரோட்டைத் தாண்டச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வாசலில் நின்று, பதினாலாம் நம்பர் புருஷன் யாரு என்று தெருவே கேட்கக் கத்தினார். இருவரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டார்கள். அதில் இருவருக்கும் விஷயம் புரிந்துபோயிற்று. வெட்கத்துக்கு ஒரு துணை கிடைத்ததும் மாப்பிள்ளை அந்தப் புது நண்பரின் தோளில் கை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

அன்று இரண்டு ஜோடிகளையும் டாக்டரம்மா பார்த்தார். எங்கள் இருவரையும், வெளியே போய் முதலில் பெயரையாவது கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

காபி குடிக்கப் போனோம். டம்ளரை வாயருகே கொண்டுபோகும் போதெல்லாம் நளினிக்கு மறுபடி சிரிப்பு வந்தது. அவர் பையனும் என் பொண்ணும் ஒரே வகுப்பு, வேறு வேறு பள்ளி. பேச்சில் இரண்டு தகவல் பிழைகள் செய்தார். நான் திருத்தவில்லை.

அடுத்த வருஷம் மந்தைவெளியில் என் வீட்டு ரேஷன் கார்டில் நளினி, அவர் பையன் என்று இரண்டு பெயர்கள் ஏறின. இப்போது சர்க்கரை மாதம் ஒரு கிலோ கூடுதலாகத் தருகிறார்கள்.