வெந்நீர் சாரும் அந்தமான் ஊசியும்

கள்ளக்குறிச்சி தாலுகாவிலேயே காய்ச்சாத தண்ணீரைத் தொண்டைக்குள் விடாத ஒரே மனிதர் எங்கள் தபால் ஆபீஸ் வெந்நீர் சார்தான். கல்யாணப் பந்தியிலும் அவர் தோளில் பிளாஸ்க் தொங்கும். இளவயதில் கல்வராயன் மலைக்குத் தபால் கொண்டுபோய், மலேரியா கண்டு பிழைத்தவர்.

அவரையும் சேர்த்து நாங்கள் நால்வர் அரசு தரும் விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமான் போவதென்று முடிவானதும், எங்களை டாக்டரிடம் ஓட்டிக்கொண்டு போனார், டைபாய்டு ஊசிக்கு.

"தீவுக்குத்தானே சார் போறோம், சண்டைக்கா?" என்றேன்.

"கிருமிக்கு அந்த வித்தியாசம்லாம் தெரியாதுங்க. சட்டையத் தூக்குங்க."

மறுநாள் நால்வருக்கும் தோள் வீங்கி, தபாலுக்கு முத்திரை குத்த ஆளில்லை. போஸ்ட்மாஸ்டரே குத்தினார், எங்களை முறைத்தபடி.

அப்புறம் மலேரியா மாத்திரை. வாரம் ஒன்று; ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். "இன்னா சார், நாக்குக்குக் கீழ வெச்சிக்கினு கீறீங்க?" என்று ஒருமுறை பிடித்தும்விட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு, கப்பலை விட்டு இறங்கிய அன்றே, அவர் கொசுவலை கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் நழுவினேன். தெருவோரத்தில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு, இரண்டு டம்ளர்.

மறுநாள் காலை எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு. அன்றைக்குத்தான் அடியில் கண்ணாடி போட்ட படகில் பவளப்பாறை பார்க்கப் போவதாக ஏற்பாடு. அதற்காகவே அந்தமானைத் தேர்ந்தெடுத்தவர் வெந்நீர் சார்.

மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு என் கட்டிலருகே உட்கார்ந்தார். ஆறிய வெந்நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க சார்" என்றேன்.

"பாற எங்க ஓடப்போவுது? வாயத் தெறங்க."

இரண்டு நாள் அப்படியே போயிற்று. நான் எழுந்து நடந்த அன்று, கடல் சரியில்லை என்று படகை நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்த நாள் எங்களுக்குக் கப்பல்.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ஊருக்குப் போயும் நாலு வாரம் அந்த மாத்திரைய உடாம முழுங்கணும்" என்றார்.

அவர் காலமாகிப் பல வருஷமாகிறது. போன வருஷம் என் மகள் என்னை அந்தமானுக்கு அழைத்துப்போனாள். எல்லாம் பார்த்தேன். கண்ணாடிப் படகில் மட்டும் ஏறவில்லை. அவர் பார்க்காததை நான் மட்டும் எப்படிப் பார்ப்பது?