ரெக்கார்டு நைனாவின் பவுடர் கட்டுகள்

மனைவிக்குப் பவுடர் வாங்கித் தந்த கணவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். வாங்கித் தந்த பவுடரை மனைவி பூசிக்கொண்டுவிடாமல் காப்பாற்றுவதே தன் கடமை என்று வாழ்ந்தவர், எனக்குத் தெரிந்து, ரெக்கார்டு நைனா ஒருவர்தான்.

எழுபதுகளின் நடுவில் நான் ஒரு தினசரிக்குத் திருத்தணியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மலையில் கூட்டம், மலைப்பாதையில் பஸ் நின்றுபோனது, பள்ளிப்பட்டுத் தறிக்காரர்களுக்கு நூல் கிடைக்காதது, இவ்வளவுதான் செய்தி. அடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டின் பின் போர்ஷன் என்னுடையது. முன் போர்ஷனில் நைனாவும் அவர் மனைவி ரத்னம்மாவும். தாலுகா ஆபீசில் பழைய கோப்புகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ரூமுக்கு, அதாவது பதிவறைக்கு, அவர்தான் பொறுப்பு. சொந்தப் பெயர் என்னவென்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

பதிவறையில், முடிந்துபோன கோப்புகளைச் சிவப்புத் துணியில் கட்டி, சீட்டு வைத்து, ரேக்கில் அடுக்குவார்கள். எந்தக் காகிதம் ஓராண்டு இருக்க வேண்டும், எது மூன்றாண்டு, எது பத்தாண்டு, எது நிரந்தரம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. பூச்சி வராமலிருக்க நடுவே பாச்சை உருண்டை. நைனா இருபது வருடம் அந்த அறையில் இருந்தார். கேட்டவருக்குக் கோப்பை எடுத்துத் தருவதைவிட, தராமலிருப்பதில் அவருக்குத் தேர்ச்சி அதிகம். "தொட்ற காயிதம்தான் கிழியும். தொடாத காயிதம் கிழிஞ்சி நான் பாத்ததில்ல" என்பார்.

ரத்னம்மா அவருக்கு அத்தை மகள். "பாவா" என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில், தனக்கு ஒரு பவுடர் டப்பா வேண்டும் என்று கேட்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா காலை ரயிலில் பட்டணம் போய் வாங்கி வந்தார். அதற்கடுத்த மாதம் முகத்துக்குப் பூசும் ஸ்நோ ஒன்று. அதற்கடுத்த மாதம் கண் மை. ரத்னம்மா கேட்டது ஒரு தடவை. நைனா வாங்கியது பதினோரு வருடம்.

வந்த பொருளை முதலில் ரத்னம்மாவின் கையில் கொடுப்பார். அவர் திருப்பிப் பார்க்கலாம், மூடியோடு முகர்ந்து பார்க்கலாம். பிறகு ஒரு நோட்டில், "வந்ததைப் பார்த்தேன்" என்ற வரிக்குக் கீழே தெலுங்கில் கையெழுத்துப் போட வேண்டும். உடனே நைனா அதை வாங்கிச் சீட்டு எழுதி, சிவப்புத் துணியில் வைத்து, இரண்டு பாச்சை உருண்டை போட்டு, தாலுகா ஆபீசுக்கே உரிய முடிச்சைப் போட்டுக் கட்டி ரேக்கில் ஏற்றிவிடுவார். அந்த ரேக் வீட்டுக் கூடத்தில் நின்றது. ஆசாரியை வைத்து ஆபீஸ் ரேக்கின் அளவிலேயே செய்தது. பிள்ளைகள் இல்லாத வீடு, இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஸ்நோவுக்கு ஓராண்டு. பவுடருக்கு மூன்றாண்டு. லிப்ஸ்டிக், நகப் பாலிஷ், கன்னத்துக்குப் பூசும் ரூஜ் மூன்றுக்கும் பத்தாண்டு. கண் மையும் சாந்துப் பொட்டும் நிரந்தரம். காலம் முடிந்தவற்றை அழித்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் மனைவிக்கு வாங்கியதை எப்படி அழிப்பது? அதற்கும் ஆபீஸில் வழி இருந்தது. வருடத்துக்கொரு முறை ரேக்கின் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டிலும் "மேலும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திடுவார். ஒரு ஸ்நோ டப்பாவுக்கு அப்படி ஒன்பது முறை ஆயுள் நீட்டித்திருந்தார். இந்த ஆணையின் நகல் ஸ்நோவுக்கு அனுப்பப்படவில்லை.

சித்திரை வெயிலில் திருத்தணிப் பாறை எப்படிக் காயும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். லிப்ஸ்டிக் உருகிவிடுமே என்று நைனா வெற்றிலைக் கடைக்காரரிடம் யோசனை கேட்டார். மரத்தட்டில் ஆற்று மணல் பரப்பி, குழாய்களை வரிசையாக நட்டு, மேலே ஈரக் கோணி போட்டு, ஆபீஸ் போகும்போது ஒருமுறையும் வந்ததும் ஒருமுறையும் தண்ணீர் தெளித்தார்.

எதிர்வீட்டுத் தறிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, லிப்ஸ்டிக் பயிர் வச்சிகினு கீறீங்களா? அறுப்பு எப்ப?" என்று கேட்டார்.

"சிரி, சிரி. உன் சம்சாரத்துக்கு ஒரு பொட்டாவது வாங்கிக் குடுத்துகிறியா நீ?" என்றார் நைனா. தறிக்காரர் உள்ளே போய்விட்டார்.

ரத்னம்மா கேட்காமலில்லை. ஒருநாள் மாலை என் காதுபட நடந்தது இது.

"பாவா, அந்த ரோஸ் பவுடர ஒரே ஒரு தபா பூசிக்கிறேன்."

"காரணம்?"

"அழகா இருக்கலாம்னுதான்."

"அது காரணம் இல்ல ரத்னா, அது ஆசை. ஆசைக்கெல்லாம் கட்டு பிரிச்சா ரேக்கு காலியாயிடும்."

"காலியானா இன்னா? இன்னொண்ணு வாங்கிக்கிறது."

"இன்னொண்ணு வாங்கலாம். இதுவே திரும்ப வருமா?"

 

ஒருமுறை நைனா ஆபீஸ் போனபின் ரத்னம்மா ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்து, டப்பாவைத் திறக்காமலே மறுபடி கட்டி வைத்தார். மாலையில் நைனா சட்டையைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிட்டார். "இது ஆபீஸ் முடிச்சி இல்லியே." அவ்வளவுதான் சொன்னார். பிறகு உட்கார்ந்து ரேக்கிலிருந்த அத்தனை கட்டுகளையும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். "நாலு அறை குடுத்திருந்தா கூடத் தேவலாம் தம்பி" என்றார் ரத்னம்மா என்னிடம்.

மலைக் குரங்குகளுக்கு இந்த விதிகள் தெரியாது. ஒன்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கீழ்த்தட்டிலிருந்த கட்டு ஒன்றை இழுத்துக்கொண்டு ஓட்டின்மேல் ஏறியது. பொரி என்று நினைத்திருக்க வேண்டும். முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, டப்பாவைத் தட்டி, கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் பவுடரோடு எங்களைப் பார்த்தது. நைனா வாழைப்பழம் காட்டிக் கெஞ்சினார். குரங்கு பழத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. நோட்டில் அந்தப் பதிவுக்கு நேரே, "குரங்கின் வசம் உள்ளது. திரும்பப் பெறப்படவில்லை" என்று எழுதினார்.

"கொரங்கு இன்னா காரணம் எழுதிக் குடுத்துச்சி பாவா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்த வருடம் ரத்னம்மாவின் கடைசித் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நகரிப் பக்கம். தாலி கட்டுவது எங்கள் மலைக் கோயிலில். நாள் குறித்த மறுநாள் ரத்னம்மா என் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீ பேப்பருக்கெல்லாம் எழுதறியே. எனக்கு ஒரு அப்ளிகேஷன் எழுதிக் குடு."

"யாருக்கு அக்கா?"

"அவருக்குத்தான். வேற யாருக்கு?"

காரணம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். "எனக்கு முப்பத்தேழு வயசாவுது. என்னோட போட்டோ ஒண்ணு கூட இல்ல. எங்க கல்யாணத்துக்கு வர்றேன்னு சொன்ன போட்டோக்காரன் பஸ்ஸ உட்டுட்டான். தங்கச்சி கல்யாணத்துக்குக் கண்டிப்பா போட்டோ புடிப்பாங்க. ஒரே ஒரு போட்டோல நான் நல்லா இருக்கணும். அப்பறம் செத்தாலும் சரி. கடைசி வரிய எழுதாத. பயந்துக்குவாரு."

கடைசி வரியை விட்டுவிட்டு எழுதினேன். நான் எழுதிய செய்திகளில் ஒன்றையும் யாரும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. நைனா மூன்று நாள் படித்தார். நான்காம் நாள் ஓரத்தில், "காரணம் போதுமானது. அனுமதிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரத்னம்மா அந்தத் தாளை மஞ்சள்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்ததைப் பார்த்தேன்.

முகூர்த்தம் காலை ஒன்பது மணிக்கு. ஆறு மணிக்கே என்னைக் கூப்பிட்டுவிட்டார் நைனா. கட்டு பிரிக்கும்போது சாட்சி இருக்க வேண்டுமாம். ரத்னம்மா குளித்து, பட்டுப் புடவை கட்டி, முகத்தைக் கடலை மாவு போட்டுக் கழுவி, ரேக்கின் முன் மணையில் உட்கார்ந்திருந்தார். பூசுவதற்குத் தயாராக முகத்தைச் சற்று நிமிர்த்தியே வைத்திருந்தார்.

முதலில் ஸ்நோ. மூடி திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. உள்ளே அடியில் புளியங்கொட்டை அளவில் ஏதோ உருண்டது. "இது பழசு" என்றார் நைனா. அடுத்ததில் புளியங்கொட்டையும் இல்லை. மணலிலிருந்து ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்தார். குழாய் துருப்பிடித்து, மூடியோடு ஒன்றாகிவிட்டிருந்தது. திருகியதில் இரண்டாக உடைந்து, உள்ளேயிருந்து ஈர மணல் கொட்டியது. ரூஜில் பூஞ்சை படர்ந்திருந்தது. கண் மை, ஆணியால் குத்தினாலும் இறங்கவில்லை. நகப் பாலிஷ் கண்ணாடிக்குள் கண்ணாடியாகிவிட்டது.

நைனா விடவில்லை. கட்டு எண்ணைப் படிப்பார், வாங்கிய நாளைப் படிப்பார், இருப்புக் காலத்தைப் படிப்பார், அவிழ்ப்பார், திறப்பார், என் பக்கம் காட்டுவார், கீழே வைப்பார். குரல் வரவர இறங்கிக்கொண்டே போயிற்று. மேல்தட்டு முடிந்தது. நடுத்தட்டு முடிந்தது. அந்த வருடம் வாங்கியவற்றைக்கூட வெயில் விட்டுவைக்கவில்லை. தரையெல்லாம் சிவப்புத் துணி. பதினோரு வருடத்தில் அவர் வாங்கிய எல்லாமும் அங்கே இருந்தன, குரங்கின் வசமிருந்ததைத் தவிர ஒன்றுகூடக் குறையாமல். ரத்னம்மா முகத்தை நிமிர்த்தியது நிமிர்த்தியபடியே இருந்தார். கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

"நீட்டிச்சிகினுதானே வந்தேன்" என்றார் நைனா, யாரிடம் என்றில்லாமல்.

கடைசித் தட்டில் ரோஸ் பவுடர் டப்பா ஒன்று மிச்சமிருந்தது. தட்டியதும் முழுதாக ஒரே கட்டியாக வெளியே விழுந்தது. நைனா அதை எடுத்துக்கொண்டு போய் அம்மியில் வைத்து நுணுக்கினார். தன் புது வேட்டியின் நுனியில் கொட்டிச் சலித்தார். பிறகு மணையின் எதிரே குந்தி உட்கார்ந்து, அதைத் தன் விரலாலேயே ரத்னம்மாவின் முகத்தில் பூசினார். பழக்கமில்லாத கை, சுவருக்கு வெள்ளையடிப்பது போலத்தான் பூசினார். மலைப்படி ஏறி முடிப்பதற்குள் வியர்த்துக் கலைந்துவிட்டால் மறுபடி பூசலாம் என்று, மிச்சத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பவுடரின் நிறம் பரவாயில்லை. வாசனைதான் முழுக்கப் பாச்சை உருண்டை. வீட்டில் எங்கள் மூக்குக்கு அது பழகிவிட்டிருந்தது. மலைமேல் காற்றடித்ததும் கல்யாணக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

ரத்னம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்திதான் முதலில் ஆரம்பித்தாள். "இன்னாடி ரத்னா, ட்ரங்குப் பொட்டிய தொறந்தா மாதிரி வர்றே?"

"கரப்பான் கிட்ட வராது, அது வரைக்கும் லாபம்" என்றாள் இன்னொருத்தி.

"ஏய், சும்மா இருங்கடி. பதனோரு வருசம் மடிச்சி வச்சிருந்த மூஞ்சிடி அது!" என்றாள் மூன்றாமவள்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ரத்னம்மாவும் கொஞ்ச நேரம் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார்.

தாலி கட்டியாயிற்று. போட்டோக்காரர், "பொண்ணு வூட்டுக்காரங்க எல்லாம் வந்து நில்லுங்க" என்று குரல் கொடுத்தார். எல்லாரும் வந்து நின்றார்கள். ரத்னம்மா வரவில்லை. தங்கை கூப்பிட்டாள். "நீங்க எடுத்துக்குங்க. எனக்குத் தல சுத்துது" என்று தூணுக்குப் பின்னாலிருந்தே பதில் வந்தது.

"நேரமாவுதுங்க, அடுத்த முகூர்த்தம் கீது" என்றார் போட்டோக்காரர்.

நைனா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். இரண்டு உள்ளங்கையிலும் கொட்டி, தன் முகத்தில் அப்பிக்கொண்டார். நெற்றி, கன்னம், காது, மீசை எதுவும் பாக்கியில்லை. கறுத்த மனிதர், ரோஸ் நிறத்தில் நேராகக் கூட்டத்தின் நடுவே வந்து நின்றார்.

"அந்த வாசன என் மேலருந்துதான் வருது. வேணும்னா மோந்து பாருங்க. அவ சும்மா பக்கத்துல நின்னுகினு இருந்தா, அவ்ளோதான்."

 அப்போது எழுந்த சிரிப்பில் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஒரு குழந்தை பயந்து அழுதது. நைனா அசையவில்லை. பதிவறை வாசலில் மனுவோடு நிற்பவர்களைப் பார்ப்பது போலவே எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

தூணுக்குப் பின்னாலிருந்து ரத்னம்மா வந்தார். "இன்னா பாவா இது, கண்ணுல வுழுந்துடப் போவுது" என்று முந்தானையால் அவர் புருவத்தைத் துடைத்தார். "ஆங், துடை" என்று நைனா தலையைக் குனிந்து கொடுத்தார். போட்டோக்காரர் அப்போது அமுக்கிவிட்டார்.

"அய்யோ, அசைஞ்சிட்டீங்களே. முகம் சரியா வுழாதும்மா. இன்னொண்ணு எடுக்கட்டா?"

ரத்னம்மா துடைப்பதை நிறுத்தவில்லை. "வேணாம். அதே போதும்" என்றார்.

அடுத்த வாரம் படம் வந்தது. ரத்னம்மாவின் முகம் நைனாவின் பக்கம் திரும்பி, பக்கவாட்டில் பாதிதான் தெரிந்தது. நான் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே படத்தில் நின்ற மாப்பிள்ளை எப்படி இருந்தார் என்று என்னைக் கேட்டால், எனக்கு நினைவில்லை.