சந்தனம் பூசிய ஹார்டு டிஸ்க்

ஒரு காட்டில் கோசலை என்று ஒரு முயல் இருந்தாள். எதையும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. அன்றைக்கு அந்தப் பயம் காது நுனி வரை ஏறியிருந்தது. எதில் தொடங்குவது, எதை விடுவது என்று தெரியாமல், பெருச்சாளி மாசிலாமணியின் வளை வாசலில் ஹார்டு டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரில் காணாமல் போனதைத் தோண்டி எடுப்பதில் மாசிலாமணி கெட்டிக்காரன்.

அந்தக் காட்டுப் புலி ரொம்ப ஒழுங்கானவர். கண்டபடி பாய மாட்டார். யாரை என்றைக்குச் சாப்பிடுவது என்று பட்டியல் போட்டு, அதன்படிதான் சாப்பிடுவார். அந்தப் பட்டியல் இருந்தது இந்த டிஸ்க்கில். அதைக் காப்பது கோசலையின் வேலை. இப்போது டிஸ்க்கைச் செருகினால், "இதைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கிறது. புலியோ, "சாயங்காலத்துக்குள்ள பட்டியல் வரணும். வரலைன்னா கண்ணுக்கு முன்னாடி யார் நிக்கிறாங்களோ அவங்கதான்" என்று சொல்லிவிட்டார். ஆபீசில் அவர் கண்ணுக்கு முன்னால் நிற்பது கோசலை ஒருத்திதான்.

"என்னக்கா ஆச்சு?" என்றான் மாசிலாமணி.

"ஒண்ணும் ஆகல தம்பி. அதுவா நின்னுபோச்சு."

அவன் டிஸ்க்கை மோந்து பார்த்தான். "சந்தன வாசனை அடிக்குதே. வயர் சொருகற ஓட்டைக்குள்ள குங்குமம் வேற."

கோசலை உடைந்துபோனாள். நேற்று ஆயுத பூஜை. நாற்காலி வரைக்கும் பொட்டு வைத்தாயிற்று, டிஸ்க் மட்டும் பாக்கி. நல்ல நேரம் முடிய இரண்டே நிமிஷம். டிஸ்க்கில் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. சாமி காரியம்தானே என்று வயரைப் பிடுங்கிவிட்டாள்.

"எழுதிட்டிருக்கும்போது பிடுங்கினா, எது எங்க இருக்குங்கிற குறிப்பு கலைஞ்சுடும். சரக்கு உள்ளதான் இருக்கும். எல்லாத்தையும் துடைச்சுடற அந்த ஃபார்மட்டை அமுக்கினீங்களா?"

"பயத்துல கிட்டயே போகல."

"அந்தப் பயம்தான் காப்பாத்திச்சு."

மாசிலாமணி டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதாமல், முதலில் அப்படியே ஒரு நகல் எடுத்தான். அப்புறம் நகலுக்குள் மண்ணைப் பறிப்பதுபோல் பறித்தான். புலியின் கல்யாண ஆல்பம் துண்டு துண்டாக வந்தது, மாலை ஒரு படத்தில், கழுத்து வேறொரு படத்தில். கடைசியில் பட்டியலும் வந்தது. கோசலை நாலு குட்டிக்கரணம் போட்டாள்.

மாசிலாமணி சிரிக்கவில்லை. "அக்கா, கடைசி வரியைப் பாருங்க. அதைப் புலி ஐயா எழுதும்போதுதான் பிடுங்கியிருக்கீங்க."

'கோசலை, முயல், வெள்ளிக்கிழமை, மிளகு தூக்கலாக' என்று இருந்தது.

"வேற பேர் போட்டுடலாமா?" என்றான்.

"மான் பேரைப் போட்டா அதுக்கு ரெண்டு குட்டி. ஆமை பேரைப் போட்டா ஓடு தொண்டையில சிக்கி, அந்தக் கோவத்துல என்னைத்தான் கடிப்பார். அழிச்சுட்டா, கடைசியா ஒரு பேர் சேர்த்தேனேம்பார். என்ன சொன்னாலும் தப்பாப் போகும் தம்பி."

"அப்ப எதுவும் சொல்ல வேணாம்" என்று மாசிலாமணி, தோண்டுவதை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டான்.

சாயங்காலம் புலி வந்தார். "பட்டியல் எங்கம்மா?"

கோசலை திரையைக் காட்டினாள். பச்சைக் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்று சதவீதம்.

"இன்னும் தோண்டிட்டிருக்கோம் ஐயா. உங்க கல்யாண ஆல்பமும் அதுலதான் இருக்கு" என்றான் மாசிலாமணி. "முடியற வரைக்கும் காட்டுல யாரும் எதையும் மெல்லக் கூடாது. அதிர்வு ஆகாது."

புலி வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எலும்பு?" என்றார்.

"எலும்பு கூடவே கூடாதுங்க."

"கஞ்சி?"

"சத்தமில்லாம உறிஞ்சலாம்."

புலி கோட்டின் முன் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க மான் வந்தது, ஆமை வந்தது, பட்டியலில் இருந்த எல்லாரும் வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "நாலு ஏறிடுச்சு ஐயா, இதோ அஞ்சு" என்று குதித்தார்கள். அவரும் கூடக் குதித்தார்.

மழைக்காலம் போய்ப் பனிக்காலமும் போனது. கோடு தொண்ணூற்றொன்பதைத் தொடும்போதெல்லாம் கோசலை சந்தனக் கிண்ணத்தோடு வருவாள். "ஒரு பொட்டு வச்சுடறேன் ஐயா, நல்ல நேரம் போகுது" என்பாள். வயரைப் பிடுங்குவாள். இன்று காலையிலும் பிடுங்கினாள்.

நீதி: 'பத்திரமாக அகற்றவும்' என்று கம்ப்யூட்டர் சொல்வது டிஸ்க்கின் நன்மைக்காக. உங்கள் நன்மைக்கு, சொல்லாமல் பிடுங்குங்கள். பொட்டு வைக்க மறக்காதீர்கள்.